வாகனம் கேள்வி – பதில்: காலையில் தாழ்ந்து நிற்கும் வண்டி

இந்த இதழில் ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரம்பிய ரப்பர் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு) பொருத்தப்பட்ட பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் ட்ரெய்லர் இழுக்கும் வாசகர்கள் எழுதியவை இவை. முதல் கடிதத்துக்கான பதில் சற்று நீளமானது. மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் பதிலுக்கு வருவது நல்லது.

கேள்வி: ஐயா, என்னிடம் 2011ஆம் ஆண்டு வெளிநாட்டு டீசல் வண்டி ஒன்று இருக்கிறது. மகனுடைய பந்தய மோட்டார் சைக்கிள்கள் இரண்டை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு, சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலுக்கு அவ்வப்போது போய் வருகிறோம். இரவு நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் வண்டி முழுவதும் தாழ்ந்து நிற்கிறது. ஸ்டார்ட் செய்ததும் எழுந்துவிடுகிறது. போன முறை திரும்பும்போது, கிருஷ்ணகிரி தாண்டிச் சூளகிரி ஏற்றத்தில் சஸ்பென்ஷன் பழுது என்று எச்சரிக்கை வந்து, பின்பக்கம் இறங்கிவிட்டது. கம்ப்ரசர் போய்விட்டது என்று ஒர்க்ஷாப்பில் புதிதாகப் போட்டார்கள். ஐந்தே மாதத்தில் மறுபடி அதே எச்சரிக்கை. இன்னொரு கம்ப்ரசர் போடவேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா?
— வாசகர், காக்ஸ் டவுன், பெங்களூரு

பதில்: இன்னொரு கம்ப்ரசருக்குப் பணம் கட்டுவதற்கு முன், காற்று எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். உங்கள் கடிதத்தில் உள்ள அடையாளங்கள் எல்லாமே கசிவைத்தான் காட்டுகின்றன.

இந்த அமைப்பில் உள்ள கம்ப்ரசர் சிறியது. சிறிது நேரம் ஓடிக் காற்றுத் தொட்டியை நிரப்பிவிட்டு, நின்று ஆறுவதற்காகச் செய்யப்பட்டது. கார் டயரில் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை காற்றுப் பிடிக்கிறோம். இந்தத் தொட்டிகளில் பெரும்பாலும் 150 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் இருக்கும். அவ்வளவு அழுத்தத்தை அந்தச் சிறிய பிஸ்டன் ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்க முடியாது. எங்கோ ஓரிடத்தில் கசிந்தால், ஓட்டைக் குடத்தில் நீர் இறைத்த கதையாகக் கம்ப்ரசர் நாள் முழுதும் ஓடுகிறது, சூடேறுகிறது, பிஸ்டன் வளையம் தேய்கிறது. கடைசியில் அதனால் அழுத்தம் தர முடியாமல் போகும்போதுதான் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. விளக்கு எரிந்த நேரத்தில் பழுதாகி இருப்பது கம்ப்ரசர் என்பதால் ஒர்க்ஷாப்பில் அதை மாற்றுகிறார்கள். கசிவு அப்படியே இருக்கிறது. புதியதற்கும் அதே கதிதான்.

சூளகிரி ஏற்றத்தில் விளக்கு எரிந்ததற்கும் இதுவே காரணம். கிருஷ்ணகிரி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் உள்ளது; பெங்களூரு 900 மீட்டருக்கு மேல். அதனால் திரும்பும் வழியில் வண்டி ஏறியாக வேண்டும். ட்ரெய்லரின் கொக்கிப் பளு, அதாவது அதன் கொக்கி வண்டியின் மேல் தரும் எடை, பின் அச்சின் மேல் உட்கார்ந்திருப்பதால் பின்பக்க பெல்லோக்களில் (காற்றுப் பைகளில்) அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் கசிவும் கூடும். மெதுவாக ஏறும் வண்டியின் அடியில் எஞ்சின் சூடும் சாலைச் சூடும் சேர, கம்ப்ரசர் தன் வெப்ப வரம்பை எட்டியதும் சஸ்பென்ஷனின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி அதை நிறுத்திவிடுகிறது. அதன்பின் கசிந்த காற்றை ஈடுகட்ட எதுவும் இல்லாததால் பின்பக்கம் இறங்கிவிடுகிறது.

வண்டி முழுவதும் தாழ்கிறது என்கிறீர்கள். அதனால் நான்கு சக்கரங்களிலும் பழுது என்று நினைத்துவிட வேண்டாம். இத்தகைய வண்டிகள் பலவற்றில், பூட்டி நிறுத்திய பிறகும் கட்டுப்பாட்டுப் பெட்டி சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து, எந்த மூலை தாழ்ந்திருக்கிறதோ அதற்குச் சமமாக மற்ற மூன்றையும் இறக்கிவிடும். வண்டி சாய்ந்து நிற்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் கசியும் மூலை எது என்பதை அது மறைத்துவிடுகிறது. ஆகவே மாலையில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதன் நேர் மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, நான்கு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சஸ்பென்ஷனுக்கு உரிய ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள்; எது என்று கையேட்டில் இருக்கும். காலையில் யாரும் ஏறுவதற்கு முன், ஸ்டார்ட் செய்யாமல் மறுபடி அளக்க வேண்டும். இரவுக் குளிரில் காற்று சுருங்குவதால் நான்கும் சில மில்லிமீட்டர் ஒன்றுபோலக் குறைந்திருக்கலாம். அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரு மூலை மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாக இறங்கியிருந்தால், அந்த மூலையின் பெல்லோ, அதன் தலையில் உள்ள குழாய் இணைப்பு, வால்வு பிளாக் (ஒவ்வொரு மூலைக்கும் காற்றைத் திறந்து மூடும் வால்வுகளின் தொகுதி) வரை செல்லும் குழாய், அந்த பிளாக்கில் அந்த மூலைக்கு உரிய வால்வு ஆகிய நான்கில் ஒன்றில்தான் கசிவு. ஒரே அச்சின் இரண்டு பக்கமும் சமமாக இறங்கினால் முதலில் வால்வு பிளாக்கைச் சந்தேகியுங்கள். எந்த மூலையும் இறங்காமல், ஆனால் ஃபியூஸைப் போட்டதும் கம்ப்ரசர் நீண்ட நேரம் ஓடுகிறது என்றால், காற்றுத் தொட்டி, அதற்குச் செல்லும் குழாய், கம்ப்ரசரிலேயே உள்ள வெளியேற்று வால்வு ஆகியவற்றைப் பாருங்கள்.

அடுத்தது சோப்பு நுரைச் சோதனை. அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இதை மெக்கானிக்கிடமும் வற்புறுத்திச் சொல்லுங்கள். காற்றின் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ விடக் கூடாது. ஒரு வால்வு திறந்தால் போதும், இரண்டு டன்னுக்கு மேற்பட்ட எடை அறிவிப்பு இல்லாமல் இறங்கும். சேஸிஸுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டுகள் வைத்து, எடை அவற்றின் மேல் உட்கார்ந்தபின்தான் அடியில் போகவேண்டும். வெறும் ஜாக்கி போதாது. எந்தக் குழாயைக் கழற்றுவதாக இருந்தாலும், பழுதறியும் கருவியின் மூலம் காற்றை இறக்கிவிட்டுத்தான் கழற்றவேண்டும்.

பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, தெளிக்கும் பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். சக்கரத்தையும் உள் மட்கார்டு தகட்டையும் கழற்றிவிட்டு, பெல்லோவின் ரப்பர் கீழே மடிந்து உருளும் இடத்தைச் சுற்றி நன்றாக நனையுங்கள். பழைய பெல்லோக்கள் பெரும்பாலும் அந்த மடிப்பில்தான் வெடிக்கின்றன. சின்ன வெடிப்பு உடனே காட்டிக்கொடுக்காது. இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பார்த்தால், நனைந்த கறுப்பு ரப்பரில் ஒரு கோட்டின் நெடுகிலும் கடுகு கடுகாகக் குமிழிகள் முளைத்து, மெல்ல வெண்ணுரையாகத் திரளும். இந்தச் சோதனையை ஒரே உயரத்தில் செய்துவிட்டு நிறுத்திவிடுவதால்தான் பல ஒர்க்ஷாப்புகளில் கசிவே இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். வழக்கமான உயரத்தில் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் வெடிப்பு, வண்டியை மிக உயர்ந்த நிலைக்கு ஏற்றினால் வெளியே வரும். சில வெடிப்புகள் தாழ்ந்த நிலையில் மட்டும் வாய் திறக்கும். ஆகவே எல்லா உயரங்களிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெல்லோவில் எதுவும் இல்லையென்றால் அதன் தலையில் குழாய் நுழையும் இணைப்பில் தெளியுங்கள். அங்கே கசிந்தால் செலவு மிகக் குறைவு. நைலான் குழாயின் நுனியில் கீறல் விழுந்திருக்கும். கூர்மையான பிளேடால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நேராக வெட்டிவிட்டு, புதிய இணைப்பைப் போட்டு முட்டும்வரை உள்ளே தள்ளினாலே பல நேரம் சரியாகிவிடும். அங்கும் இல்லையென்றால் வால்வு பிளாக், பிறகு தொட்டியின் அடிப்பக்கம். பெல்லோவே வெடித்திருந்தால் அதே அச்சின் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டும் ஒரே வயதுடையவை. புதியதைப் பொருத்தியபின், சக்கரத்தின் மேல் எடை இறங்குவதற்கு முன்பே அதில் காற்று ஏற்றவேண்டும். காற்றில்லாத பெல்லோவின் மேல் வண்டியை இறக்கினால் மடிப்பு தாறுமாறாக நசுங்கி, புதிய ரப்பரும் அன்றைக்கே கெட்டுவிடும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கம்ப்ரசரின் பக்கம் வரவேண்டும். அதில் ட்ரையர் என்ற பகுதியை யாரும் கவனிப்பதில்லை. வெளியிலிருந்து உறிஞ்சும் காற்றில் உள்ள ஈரத்தை அதிலுள்ள மணிகள் பிடித்து வைக்கின்றன. வண்டியைத் தாழ்த்தும்போது, உலர்ந்த காற்று அதே மணிகளின் வழியே திரும்பி வெளியேறி அவற்றை மறுபடி உலர்த்துகிறது. கசிவுள்ள வண்டியில் இந்தச் சுற்று அறுந்துவிடுகிறது. காற்று ட்ரையர் வழியாகத் திரும்பாமல் வெடிப்பின் வழியே போய்விடுவதால், மணிகள் ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கின்றன, உலர்வதே இல்லை. சென்னைப் பக்கத்துக் கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சும் வண்டிக்கு இது இன்னும் விரைவில் நடக்கும். நனைந்த மணிகள் பொடிந்து, அந்த வெள்ளைத் தூள் வால்வுகளில் போய்ப் படிந்து, அவை முழுதாக மூடாமல் புதிய கசிவை உண்டாக்குகிறது. உங்கள் முதல் கம்ப்ரசரைக் கழற்றியபோது குழாயில் வெள்ளைத் தூள் இருந்ததா என்று கேளுங்கள். இருந்திருந்தால், வால்வு பிளாக்குகளையும் குழாய்களையும் சுத்தம் செய்யாமல் புதியதைப் பொருத்தியது வீண் செலவு.

கம்ப்ரசருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலேயையும் மாற்றச் சொல்லுங்கள். கம்ப்ரசர் இழுக்கும் மின்னோட்டத்தால் ரிலேயின் முனைகள் கருகியோ ஒட்டிக்கொண்டோ இருக்கலாம்; ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிச் சாகும். கம்ப்ரசரோடு ஒப்பிட்டால் ரிலேயின் விலை ஒன்றுமே இல்லை. உங்களுடைய இரண்டாவது கம்ப்ரசர் ஐந்து மாதமே ஓடியது என்பதால், பிஸ்டன் வளையமும் மணிகளும் மாற்றி அதையே மீட்க முடியுமா என்றும் பாருங்கள். கசிவை அடைத்தபின், கருவியில் தொட்டியின் அழுத்தம் தெரியும்படி வைத்துக்கொண்டு ஓடவிட்டால், அது ஒழுங்காக ஏறுகிறதா, பாதியில் நின்று திணறுகிறதா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். புதியதே வேண்டும் என்றானால், வேறு தயாரிப்பாளரின் கம்ப்ரசர் சில வண்டிகளில் கட்டுப்பாட்டு மென்பொருளையும் மாற்றினால்தான் ஒத்துப்போகும் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ட்ரெய்லரையும் ஒருமுறை எடை பாருங்கள். குளியலறை எடைக் கருவியின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, டோ பார் இருக்கும் உயரத்தில் கொக்கியை அதன்மேல் வைத்தால் கொக்கிப் பளு தெரியும். வண்டியின் கையேட்டில் உள்ள வரம்பைத் தாண்டினால், மோட்டார் சைக்கிள்களைச் சற்றுப் பின்னே நகர்த்திக் கட்டினாலே போதும். ஆனால் ஒரேயடியாகப் பின்னே தள்ளிக் கட்டிவிடக் கூடாது. கொக்கிப் பளு மிகக் குறைந்த ட்ரெய்லர் வேகத்தில் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். அது சஸ்பென்ஷன் பழுதைவிடப் பெரிய ஆபத்து.

கேள்வி: மழைக்காலம் வந்தால் என் வண்டியில் சஸ்பென்ஷன் எச்சரிக்கை வருகிறது. எஞ்சினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் போய்விடுகிறது. சில நேரம் முன்பக்க வலது மூலை மட்டும் திடீரென்று உயர்ந்து நிற்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டியே போய்விட்டது என்கிறார் மெக்கானிக். அது மிகவும் விலை என்பதால் தயங்குகிறேன்.
— வாசகர், கோலார் தங்கவயல்

பதில்: உங்கள் தயக்கம் சரியானதே. மழையில் வந்து, வெயிலில் மறையும் பழுது பெட்டிக்குள் இருப்பது அரிது. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் வண்டியின் உயரத்தை அளக்கும் ஹைட் சென்சார் ஒன்று இருக்கிறது. சேறும் தண்ணீரும் நேரே அடிக்கும் இடம் அது. அதன் இணைப்பியைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பித்தளை முனைகளில் பச்சை பூத்திருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. சுத்தம் செய்து, ஈரம் புகாத கிரீஸ் தடவி, ரப்பர் வளையம் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துப் பூட்டுங்கள். அதன்பின்னும் தொடர்ந்தால், பெரும்பாலான வண்டிகளில் சென்சாருக்கு 5 வோல்ட் வருகிறதா என்றும், அதன் கையை மெல்ல அசைக்கும்போது சமிக்ஞை வோல்டேஜ் இடையில் குதிக்காமல் சீராக ஏறி இறங்குகிறதா என்றும் மல்டிமீட்டரில் பார்க்கலாம். ஓரிடத்தில் குதித்தால் அந்தச் சென்சாரை மாற்றவேண்டும். மாற்றியபின் நான்கு மூலைகளின் உயரத்தையும் கருவியில் புதிதாகப் பதிய வேண்டும்; இல்லையென்றால் அந்த மூலை கோணலாகவே நிற்கும்.

பாட்டரியையும் இதே நாளில் பார்த்துவிடுங்கள். இரவு முழுதும் ஓய்ந்த நல்ல பாட்டரி 12.6 வோல்ட் காட்டவேண்டும். 12.2க்குக் கீழே இருந்தால், ஸ்டார்ட் செய்யும் அந்த ஒரு நொடியில் வோல்டேஜ் படுத்துவிடும். கட்டுப்பாட்டுப் பெட்டிகள் குழம்பி, இல்லாத பழுதுகளையெல்லாம் பதிவு செய்யும். பழுதுக் குறிகளைப் படிக்கும்போது, எஞ்சினை மட்டும் படிக்கும் மலிவுக் கருவியை நம்ப வேண்டாம். அதில் சஸ்பென்ஷன் குறிகள் பெரும்பாலும் தெரியாது. உங்கள் தயாரிப்புக்கு உரிய கருவி உள்ளவரிடம் போங்கள். முதலில் எல்லாக் குறிகளையும் எழுதிக்கொண்டு அழித்துவிட்டு, ஒரு மழையில் ஓட்டியபின் மறுபடி வருவது எது என்று பாருங்கள். அதுதான் உண்மையான பழுது.

கேள்வி: டெல்லியில் பதிவான பழைய டீசல் வண்டி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி இங்கே கொண்டுவந்திருக்கிறேன். ஏர் சஸ்பென்ஷனே தலைவலி, கழற்றிவிட்டுக் காயில் ஸ்பிரிங் போட்டுவிடுங்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். முகாம் ட்ரெய்லர் ஒன்றை இழுக்கும் எண்ணமும் உண்டு.
— வாசகர், ஒயிட்ஃபீல்டு

பதில்: ட்ரெய்லர் இழுக்கும் எண்ணம் இல்லையென்றால் நண்பர்கள் சொல்வதை ஓரளவு ஏற்றுக்கொண்டிருப்பேன். இழுக்கப் போகிறீர்கள் என்பதால் வேண்டாம் என்கிறேன். 1992இல் ரேஞ்ச் ரோவரில் ஏர் சஸ்பென்ஷன் வந்த நாளிலிருந்து இந்த வண்டிகளில் அதன் பெரிய பயனே, பின்னால் எவ்வளவு பளு ஏறினாலும் வண்டியின் மட்டத்தை அதுவே காத்துக்கொள்வதுதான். காயில் ஸ்பிரிங்கில் ட்ரெய்லரை மாட்டியதும் பின்பக்கம் அமுங்கும், முன் சக்கரங்களின் மேல் எடை குறையும், ஸ்டியரிங் லேசாகும், இரவில் முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். அதைத் தவிர்க்கக் கடினமான ஸ்பிரிங் போட்டால், ட்ரெய்லர் இல்லாத நாள்களில் பெங்களூருச் சாலைக் குழிகள் ஒவ்வொன்றும் முதுகில் தெரியும். எச்சரிக்கை விளக்கை அணைக்க மென்பொருளிலும் கை வைக்கவேண்டி வரும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் இந்த மாற்றத்தைத் தெரிவித்தாக வேண்டும்.

2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு எதிராகப் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, டெல்லி வண்டிகள் தெற்கே நிறைய வருகின்றன. நல்ல வண்டிகளும் அவற்றில் உண்டு. ஆனால் தூசி மிகுந்த ஊரில் ஓடியது என்பதால், கம்ப்ரசர் காற்று உறிஞ்சும் வடிகட்டியை முதலில் மாற்றுங்கள். அது அடைத்திருந்தால் கம்ப்ரசர் மூச்சுத் திணறி, கசிவு இல்லாமலே சூடேறும். பெல்லோக்கள் பழையவை என்றால் நான்கையும் மாற்றுவதற்கு ஆகும் தொகையையும், ஸ்பிரிங் மாற்றத்துக்கு அவர்கள் கேட்கும் முழுத் தொகையையும் எழுத்தில் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். சிவாஜிநகரில் பிரித்து விற்கும் வண்டிகளிலிருந்து பழைய பெல்லோ வாங்கிப் போடுவதை மட்டும் செய்ய வேண்டாம். ரப்பரின் வயது வெளியில் தெரியாது.

கேள்வி: ட்ரெய்லரோடு நெடுஞ்சாலையில் போகும்போது சஸ்பென்ஷன் முழுதாக இறங்கிவிட்டால் என்ன செய்வது?
— வாசகர், ஓசூர்

பதில்: விளக்கைப் போட்டு ஓரங்கட்டி, ட்ரெய்லரைக் கழற்றிவிடுங்கள். முழுதாக இறங்கி அடிமுட்டில் உட்கார்ந்த வண்டியில் ட்ரெய்லரை இழுக்கவே கூடாது; கொக்கியின் உயரம் மாறிவிட்டதால் பிரேக் பிடிக்கும்போது என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, அரை மணி நேரம் ஆறவிட்டு, எல்லாக் கதவுகளையும் மூடிக்கொண்டு மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். சில வண்டிகளில் ஒரு கதவு திறந்திருந்தாலும் உயரம் மாறாது. கம்ப்ரசர் வெப்பத்தால் மட்டும் நின்றிருந்தால், ஆறியதும் எழும். எழுந்தாலும் ட்ரெய்லரை மாட்டாமல், மெதுவாக அருகிலுள்ள ஊருக்கு ஓட்டிச் செல்லுங்கள். எழவில்லை என்றால், நான்கு சக்கரங்களையும் மேலே ஏற்றிச் செல்லும் மீட்பு லாரியை அழையுங்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் முன் சக்கரங்களையோ பின் சக்கரங்களையோ மட்டும் தூக்கி இழுத்தால் கியர் பெட்டியும் பழுதாகும்.

அடிக்கடி நீண்ட தூரம் போகிறவர்களுக்கு இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒவ்வொரு பெல்லோவின் குழாயிலும் டயர் வால்வு போன்ற ஒன்றை இணைத்து, வெளியிலிருந்து காற்று ஏற்றும்படி செய்துகொள்ளலாம். லாரி டயருக்குக் காற்றுப் பிடிக்கும் பஞ்சர் கடையில் அதன்மூலம் வண்டியை ஓட்டக்கூடிய உயரத்துக்குத் தூக்கிவிடலாம். கட்டுப்பாட்டுப் பெட்டி மறுபடி இறக்கிவிடாமலிருக்க, காற்று ஏற்றுவதற்கு முன்பே சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றியிருக்க வேண்டும். ஆனால் இந்த வால்வுகளை இந்த அமைப்பைத் தெரிந்தவரிடம் முன்கூட்டியே பொருத்திக்கொள்ளுங்கள். கூடுதலாக வரும் ஒவ்வொரு இணைப்பும் கசியக்கூடிய இடம் என்பதால், பொருத்திய அன்றே அவற்றிலும் சோப்பு நுரை தெளித்துப் பார்த்துவிடுங்கள்.